வாரச் சம்பளம், வெள்ளி மெடல், வெண்கலச் சிலை... லண்டன் பூனைகளின் நிஜக் கதைகள்!

ஆபீஸ்ல எலித்தொல்லைன்னா என்ன செய்வோம்? எலிப்பொறி வைப்போம், இல்லைன்னா பெஸ்ட் கன்ட்ரோலுக்கு போன் போடுவோம். 1868-ல் லண்டன் தபால் துறை என்ன செய்தது தெரியுமா? மூன்று பூனைகளை வேலைக்கு எடுத்தது. அதுவும் வாரச் சம்பளத்துக்கு, ஆறு மாத புரொபேஷனோடு!

'சும்மா கதை விடாதீங்க' என்கிறீர்களா? சத்தியமா ஃபைல்ல இருக்கு பாஸ். லண்டன் வரலாறு என்றாலே ராஜா, ராணி, பிரதமர் என்று பெரிய பெரிய ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அவங்க காலைச் சுற்றிக்கொண்டே பூனைகளும் அந்த வரலாற்றுக்குள் நுழைந்திருக்கின்றன. சம்பளம் வாங்கிய பூனை, குண்டுவீச்சில் குட்டியைக் காத்த பூனை, மியூசியம் வாசலில் 20 வருடம் டியூட்டி பார்த்த பூனை என லிஸ்ட் பெருசு. கூடவே, அதே நகரம் பயத்தில் தன் பூனைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற இரண்டு சம்பவங்களும் இருக்கு. எல்லாத்தையும் வரிசையா பார்த்துடலாம் வாங்க.

முதலில் ஒரு பொய்க்கதை!

லண்டன் பூனை என்றதும் அங்கே எல்லாரும் சொல்லும் பெயர், டிக் விட்டிங்டன். பரம ஏழைப் பையன். கையில் இருந்த ஒரே சொத்து ஒரு பூனை. அதை வியாபாரக் கப்பலில் அனுப்பி வைக்கிறான். எலித்தொல்லையால் தவித்த ஒரு வெளிநாட்டு ராஜா, தங்கமாகக் கொட்டிக் கொடுத்து அந்தப் பூனையை வாங்கிக்கொள்கிறார். பையன் பணக்காரனாகி, லண்டன் மேயரும் ஆகிறான்.

இதில் மேயர் நிஜம். ரிச்சர்ட் விட்டிங்டன் என்பவர் 1397, 1406, 1419 என மூன்று தேர்தல்களில் லண்டன் மேயராகத் தேர்வானவர். ஆனால் அவர் ஏழை இல்லை. நிலபுலன் உள்ள குடும்பத்தின் இளைய மகன். பட்டு, வெல்வெட் துணி வியாபாரம் செய்து, மன்னர்களுக்கே கடன் கொடுத்த பெரும்புள்ளி. பூனை வளர்த்ததற்கு மட்டும் ஆதாரம் எதுவுமில்லை. 1423-ல் அவர் இறந்து, சுமார் 180 வருடம் கழித்துத்தான் பூனைக்கதையே தலைகாட்டுகிறது.

இதில் என்ன வேடிக்கைன்னா, அவர் நிஜமாகவே செய்த நல்ல காரியங்கள் பலருக்கு ஞாபகம் இல்லை. பொதுமக்களுக்காக 128 பேர் உட்காரக்கூடிய கழிப்பறை ஒன்றுக்கு அவர் பணம் கொடுத்தார். ஆண்களுக்கு 64, பெண்களுக்கு 64. அன்றைய லண்டனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் ஊர் மனதில் நின்றது, இல்லாத பூனைதான்.

1665: பயம் வந்தால் முதல் பலி யார்?

இனி வருவதெல்லாம் நிஜம். 1665-ல் லண்டனை பிளேக் தாக்கியது. அரசுக் கணக்கில் பதிவான பிளேக் சாவு மட்டும் 68,596. உண்மையில் ஒரு லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள்.

நோய் எப்படிப் பரவுகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. வீடு வீடாகச் சுற்றும் நாய்களும் பூனைகளும்தான் ரோமத்தில் நோயைச் சுமந்து வருகின்றன என்று சந்தேகப்பட்ட நகர நிர்வாகம், அவற்றைக் கொல்ல உத்தரவு போட்டது. எத்தனை செத்தன? எழுத்தாளர் டேனியல் டீஃபோ 1722-ல் வெளியிட்ட புத்தகத்தில் 40,000 நாய்கள், அதைப்போல ஐந்து மடங்கு பூனைகள் என்று சொல்கிறார். ஆனால் பிளேக் வந்தபோது டீஃபோவுக்கு வயது ஐந்து போல. அதனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கொன்றார்கள் என்பது மட்டும் உறுதி.

பிளேக்குக்குக் காரணமான கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் கண்டுபிடித்தது 1894-ல். எலிகளின் உடலில் இருக்கும் தெள்ளுப்பூச்சி அதைக் கடத்துகிறது என்று பால் லூயி சிமோன் கண்டறிந்தது 1898-ல், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சியில் வைத்து. அதாவது, எலி பிடிக்கிறவனைக் கொன்றுவிட்டு எலிகளோடு தங்கியது லண்டன். அதற்காக 'பூனை இருந்திருந்தால் பிளேக்கே வந்திருக்காது' என்று சொல்லிவிட முடியாது. பூனைக்கும் பிளேக் தொற்றும். மனிதர் உடலில் இருக்கும் தெள்ளும் பேனும்கூட அதைப் பரப்பியிருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

சிப்பி சாப்பிட்ட ஹாட்ஜ்

அடுத்த நூற்றாண்டில் காட்சி மாறுகிறது. 1755-ல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில அகராதியைத் தொகுத்தவர் சாமுவேல் ஜான்சன். அவர் வளர்த்த பூனையின் பெயர் ஹாட்ஜ். வயதாகி நோய்வாய்ப்பட்ட பிறகு, ஹாட்ஜுக்கு ஆய்ஸ்டர் சிப்பி தவிர வேறெதுவும் இறங்கவில்லை. இன்றைக்கு ஸ்டார் ஹோட்டல் ஐட்டம் என்றாலும், அன்றைய லண்டனில் ஏழைகளும் வாங்கிச் சாப்பிட்ட சாதாரண உணவு அது.

இங்கேதான் ஜான்சன் மனசுல நிற்கிறார். வீட்டில் வேலையாட்கள் இருந்தும், பூனைக்கான சிப்பியை அவரே கடைக்குப் போய் வாங்கி வருவார். அவர் வீட்டில் வேலை பார்த்த பிரான்சிஸ் பார்பர், ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்து, சிறுவனாக இங்கிலாந்துக்கு வந்தவர். ஒரு மிருகத்துக்குப் பணிவிடை செய்யச் சொன்னால் அவர் மனசு புண்படுமே என்றுதான் ஜான்சன் தானே போனார் என்று அவரின் தோழி ஹெஸ்டர் பியோசி எழுதி வைத்திருக்கிறார். இந்தத் தொல்லையால் வேலையாட்களுக்குப் பூனை மேல் வெறுப்பு வந்துவிடக் கூடாது என்பதும் அவர் கவலை. வேலையாளின் மரியாதை, பூனையின் பசி, ரெண்டையும் யோசிச்ச மனுஷன்! பின்னாளில் தன் சொத்தில் பெரும்பகுதியை ஜான்சன் எழுதி வைத்ததும் அந்த பார்பருக்குத்தான்.

வாசலுக்கு வரும் பூனைத்தீனி

19-ம் நூற்றாண்டு லண்டனில் பூனைகளுக்கு 'டோர் டெலிவரி' இருந்தது. கிழடான, செத்துப்போன வண்டிக் குதிரைகளின் இறைச்சியை வேகவைத்து, துண்டு போட்டு, குச்சியில் குத்தி, தெருத் தெருவாக விற்றார்கள். தள்ளுவண்டி சத்தம் கேட்டாலே பூனைகள் வாசலுக்கு ஓடி வந்துவிடும்.

லண்டனின் ஏழைத் தொழிலாளர்களைப் பேட்டி எடுத்து எழுதிய ஹென்றி மேஹ்யூ, 1850-களை ஒட்டி நகரத்தில் வீட்டுக்கு ஒன்று வீதம் சுமார் 3 லட்சம் பூனைகள் இருந்ததாகக் கணக்கிட்டார். ஆயிரம் பேர் வரை இந்தத் தீனி வியாபாரத்தில் இருந்தார்களாம். பூனையால் பிழைத்த மனிதர்கள் என்றே இவர்களைச் சொல்லலாம்.

சம்பளம் ஒரு ஷில்லிங்... எலி குறையலைன்னா கட்!

இப்போ நம்ம தபால் ஆபீஸுக்கு வருவோம். 1868. லண்டன் மணியார்டர் அலுவலகத்தில் எலிகள் காகிதங்களைக் கடித்துக் குதறின. 'மூன்று பூனை வளர்க்க வாரம் 2 ஷில்லிங் வேண்டும்' என்று அதிகாரி மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். மேலிடம் எல்லா ஊர் மேலிடத்தையும் போலத்தான். பாதியாகக் குறைத்து, ஒரு ஷில்லிங் மட்டும் கொடுத்தது. மிச்சச் சாப்பாட்டை எலி பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆறு மாதத்தில் எலி குறையவில்லை என்றால் அந்தக் காசிலும் கை வைப்போம் என்று எச்சரிக்கை வேறு.

பூனைகள் வேலையைக் காட்டின. எலி குறைந்தது. 1873-ல் படி ஒன்றரை ஷில்லிங் ஆனது. மற்ற தபால் அலுவலகங்களும் பூனை வைத்துக்கொள்ள ஆரம்பித்தன.

இதில் சூப்பர் ஸ்டார், தபால் தலைமையகத்தில் இருந்த டிப்ஸ். 1950-ல் பிறந்தவன். எடை 23 பவுண்டு, அதாவது 10 கிலோவுக்கும் மேல்! வாரம் இரண்டரை ஷில்லிங் வாங்கிக்கொண்டு, 14 வருடம் கட்டடத்தில் எலி அண்டாமல் பார்த்துக்கொண்டான். 1964-ல் அவன் இறந்தபோது தபால் துறை பத்திரிகையில் இரங்கல் செய்தியே வந்தது.

1953-ல் இந்தப் பூனைச் சம்பளம் பாராளுமன்றத்தில் கேள்வியாகவே வந்தது. பதில் சொன்ன அமைச்சரும் விளையாட்டாகவே சொன்னார். 'தலைமையகப் பூனைகளைத் தவிர மற்றவற்றுக்கு 1918-லிருந்து சம்பள உயர்வே இல்லை. ஆனாலும் ஒரு புகார்கூட வரவில்லை' என்பது அதன் சாரம். கடைசித் தலைமையகப் பூனையான பிளாக்கி 1984-ல் இறந்ததோடு அந்தப் பதவியும் முடிந்தது.

எலி பிடிப்பவன் பரிசு வாங்கிய நாள்

1871 ஜூலை 13. லண்டன் கிறிஸ்டல் பேலஸில் பூனைக் கண்காட்சி. ஏற்பாடு செய்தவர் ஓவியர் ஹாரிசன் வெயர். 150-க்கும் மேற்பட்ட பூனைகள் வந்தன, கூட்டம் அலைமோதியது. கல்லடி வாங்கும் சாதாரண வீட்டுப் பூனையின் அழகையும் ஜனங்கள் நின்று பார்க்கணும் என்பதுதான் வெயரின் ஆசை.

ஆனால் போட்டி என்று வந்தால் கௌரவமும் காசும் பின்னாடியே வந்துவிடுமே! வெயர் 1887-ல் தொடங்கிய பூனை கிளப்பின் முதல் தலைவரும் அவர்தான். உறுப்பினர்களுக்குப் பூனை நலனைவிடப் பரிசுக்கோப்பை முக்கியமாகிவிட்டது என்ற வருத்தத்தில் பின்னர் அதிலிருந்து விலகினார்.

தெருப் பூனைகள் பக்கமும் நல்லது நடந்தது. 1860-ல் மேரி டீல்பி என்ற பெண்மணி கைவிடப்பட்ட நாய்களுக்காக ஒரு காப்பகம் தொடங்கியிருந்தார். பின்னர் பேட்டர்சீ பகுதிக்கு மாறிய அந்தக் காப்பகம், 1883-லிருந்து பூனைகளையும் சேர்த்துக்கொண்டது. பேட்டர்சீ என்ற பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, மறுபடி வரும்.

மியூசியம் வாசலில் 20 வருட டியூட்டி

பிரிட்டிஷ் மியூசியத்தில் எகிப்துப் பூனை மம்மிகள் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வாசலில் உயிரோடு ஒரு பூனை ஆட்சி செய்தது தெரியுமா? பெயர், மைக். குட்டியாக இருக்கும்போதே மியூசியத்துக்கு வந்து, 1909 பிப்ரவரி முதல் 1929 ஜனவரி வரை மெயின் கேட் காவலர்களோடு இருந்தது. நாய்கள் உள்ளே நுழைந்தால் துரத்துவது மைக்கின் ஸ்பெஷாலிட்டி. புறாக்களைக் காயமில்லாமல் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கும். கைம்மாறாக இறைச்சித் துண்டு கிடைக்கும், புறாவுக்கு விடுதலை கிடைக்கும்.

எல்லாரிடமும் பழகாத மைக்குக்குப் பிடித்த சிலரில் ஒருவர், எகிப்துப் பிரிவின் தலைவர் வாலிஸ் பட்ஜ். அவர் ஓய்வு பெற்ற பிறகும் மைக்கின் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பினார். கடைசிக் காலத்தில் பல் போனபோது, கேட் காவலர்கள் மென்மையான இறைச்சியும் மீனும் சமைத்துக் கொடுத்தார்கள். மைக் இறந்ததும், மம்மிகளைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதிய பட்ஜ், இந்தப் பூனைக்காகவும் ஒரு சிறுநூல் எழுதினார்.

1939: மறுபடியும் அதே பயம்

1939 செப்டம்பர் 3. போர் அறிவிப்பு வந்தது. குண்டு விழும், உணவுத் தட்டுப்பாடு வரும் என்று நகரம் முழுக்கப் பதற்றம். 'செல்லப் பிராணிகளை ஊர்ப்பக்கம் அனுப்புங்கள். முடியாவிட்டால் வலியில்லாமல் கொன்றுவிடுவதே கருணை' என்று துண்டுப்பிரசுரம் ஒன்று ஏற்கெனவே சுற்றில் இருந்தது. கட்டாய உத்தரவு கிடையாது. ஆனாலும் கால்நடை மருத்துவமனைகள் முன்னால் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கூடையில் பூனை, கயிற்றில் நாய்.

முதல் வாரத்தில் லண்டனில் மட்டும் சுமார் 4 லட்சம் நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டன என்கிறார், இதை ஆராய்ந்து புத்தகம் எழுதிய வரலாற்றாளர் ஹில்டா கீன். அப்போது லண்டன் மேல் ஒரு குண்டுகூட விழுந்திருக்கவில்லை. தொடர் குண்டுவீச்சு தொடங்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. பேட்டர்சீ காப்பகம் கதவை மூடாமல் முடிந்தவரை பிராணிகளைக் காப்பாற்றியது. அவசரப்பட்டுவிட்டோமே என்று பின்னர் பலர் வருந்தினார்கள். வருந்தி என்ன செய்ய?

அந்த வாரத்தைத் தாண்டிப் பிழைத்த பூனைகளில் ஒன்றுதான், ஃபெய்த். 1936-ல் செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த செயின்ட் அகஸ்டின் சர்ச்சுக்குள் நுழைந்த தெருப்பூனை. விரட்டி விரட்டி விட்டும் திரும்பி வந்தது. 'இருந்துட்டுப் போகட்டும்' என்றார் பாதிரியார் ஹென்றி ராஸ்.

1940 ஆகஸ்ட்டில் ஃபெய்த் ஒரு குட்டி போட்டது. கறுப்பு வெள்ளை நிறத்தால் அதன் பெயர் பாண்டா. செப்டம்பர் 6 அன்று, மாடியில் சொகுசாக இருந்த குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு தரைக்குக் கீழே இருந்த அறைக்குப் போனது ஃபெய்த். ராஸ் திரும்பத் திரும்ப மேலே கொண்டுவந்து விட்டார். அதுவும் திரும்பத் திரும்பக் கீழேயே கொண்டுபோனது. கடைசியில் அவர் விட்டுவிட்டார்.

செப்டம்பர் 9 இரவு சர்ச் மேல் குண்டு விழுந்தது. காலையில் வந்த ராஸிடம், உள்ளே எதுவும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்றார்கள் தீயணைப்பு வீரர்கள். அவர் கேட்கவில்லை. புகையும் இடிபாட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மெல்லிய சத்தம் கேட்டது. குட்டியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஃபெய்த். இருவரையும் தூக்கிக்கொண்டு அவர் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் மிச்சக் கூரையும் சரிந்தது. ஆபத்து அதற்கு எப்படித் தெரிந்தது என்றெல்லாம் கேட்காதீங்க. குட்டியை ஒதுக்குப்புறமான இடத்துக்கு மாற்றுவது தாய்ப்பூனைகளின் வழக்கம்தான். ஆனால் அந்த இரவில் குட்டியை விட்டு ஓடாமல் இருந்ததே, அதற்குத்தான் 1945-ல் வெள்ளி மெடல் கிடைத்தது.

ஆறு பிரதமர்களைப் பார்த்த அரசு ஊழியர்

அரசாங்கப் பூனைக்கும் நிதி ஒதுக்கீடு உண்டு. 1929-ல் பிரிட்டிஷ் அரசு அலுவலகப் பூனையின் பராமரிப்புக்கு ஒரு நாளைக்கு ஒரு பென்னி என ஆவணத்திலேயே இருக்கிறது.

1989-ல் வந்த ஹம்ஃப்ரி, 1997-ல் ஓய்வுபெற்று வேறு வீட்டுக்குப் போனது. 'புதுப் பிரதமர் டோனி பிளேரின் மனைவிக்குப் பிடிக்காததால் கொன்றுவிட்டார்கள்' என்று வதந்தி கிளம்ப, அன்றைய செய்தித்தாள்களோடு ஹம்ஃப்ரியை போட்டோ எடுத்து 'பத்திரமா இருக்கு' என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று!

2011 பிப்ரவரி 15-ல் டவுனிங் தெருவுக்கு வந்தது லாரி. எங்கிருந்து? அதே பேட்டர்சீ காப்பகத்திலிருந்துதான். தலைமை எலி பிடிப்பாளர் என்பது பதவி. எலிப் பிரச்னையில் லாரி இன்னும் 'திட்டமிடல் கட்டத்தில்' இருப்பதாக அரசு இணையதளமே கிண்டலடித்தது. கேமரூன், தெரசா மே, போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக், 2024-ல் வந்த கீர் ஸ்டார்மர் என ஆறு பிரதமர்கள் மாறியும், லாரி மட்டும் வீட்டைக் காலி செய்யவில்லை.

மனிதனை மீட்ட பாப்

2007. ஜேம்ஸ் போவன் என்ற தெருப்பாடகர், வீடில்லாமல் அலைந்து, போதைப் பழக்கத்திலிருந்து மீளப் போராடிக்கொண்டிருந்தார். அவர் தங்கியிருந்த குடியிருப்பில் காலில் காயத்தோடு ஓர் ஆரஞ்சு நிறப் பூனை. கையில் இருந்த காசையெல்லாம் அதன் மருந்துக்கே செலவழித்தார். குணமானதும் போகச் சொன்னால், பஸ் ஏறி அவர் பின்னாலேயே வந்தது. அதுதான் பாப்.

தோளில் பூனையோடு பாடும் மனிதரை, அதுவரை கண்டுகொள்ளாமல் போனவர்கள் நின்று பார்த்தார்கள். தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கு என்பதே போதையிலிருந்து வெளியே வரக் காரணமாக இருந்தது என்கிறார் போவன். 2012-ல் அவர் எழுதிய புத்தகம் உலகம் முழுக்க விற்றது. 2016-ல் வந்த சினிமாவில் பாப் வேடத்தில் பாப்பே நடித்தது. 2020 ஜூனில் பாப் இறந்துபோனது.

லண்டன் போனா எங்கே பார்க்கலாம்?

* ஹாட்ஜ்: காஃப் ஸ்கொயரில் ஜான்சன் வீட்டுக்கு எதிரே, அகராதி மேல் உட்கார்ந்திருக்கும். 1997-ல் வைத்த சிலை. பக்கத்தில் காலியான சிப்பி ஓடுகளும் உண்டு.
* விட்டிங்டன் பூனை: ஹைகேட் ஹில்லில் நினைவுக்கல்லின் மேல். கல் 1821, பூனை 1964.
* ஃபெய்த்தின் சர்ச்: கோபுரம் மட்டும் மிச்சம். இப்போது செயின்ட் பால் தேவாலயப் பள்ளியோடு சேர்ந்திருக்கிறது.
* பாப்: இஸ்லிங்டன் கிரீன் பூங்காவில், 2021-ல் வைத்த சிலை.

சிலைக்கு லண்டன் வரை போகணும். பூனைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், உங்க தெருவிலேயே ஒன்று இருக்கும். வெயில் நேரத்தில் வாசலில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைங்க. பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது. பயத்தில் யாராவது விரட்டச் சொன்னால், 1665-ஐயும் 1939-ஐயும் அவங்களுக்குச் சொல்லுங்க.